நாலு பேருக்கும் நாற்பதா?

கேள்வி: காபித் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி பற்றி நாலு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை எங்களுடையது. 40 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியுள்ளன. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் நாலு பேருக்குமே 40 என்றுதான் காட்டுகிறது. மழையில் செடி செடியாக எண்ணியவள் நான். என் பெயர் மூன்றாவது. இது என்ன கணக்கு?
- ஆய்வு மாணவி, ஏற்காடு

பதில்: முழு எண்ணிக்கை முறை அது, சேர்ந்து எழுதிய ஒவ்வொருவர் கணக்கிலும் எல்லா மேற்கோளையும் அப்படியே சேர்ப்பது. வந்தது 40தான், ஆனால் நாலு பேர் பக்கத்தையும் கூட்டினால் 160 ஆகிவிடும். மேற்கோள்களைச் சமமாகப் பிரிக்கும் பங்கு முறையில் ஆளுக்குப் பத்து. சரி, அதுவாவது நியாயமா என்றால், செடி எண்ணியவருக்கும் கடைசியில் ஒருமுறை படித்துப் பார்த்தவருக்கும் அதே பத்துதானே! 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த, ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் ஒரே எண்ணில் அளக்கும் எச்-குறியீடும் எத்தனை பேர் சேர்ந்து எழுதினார்கள் என்று பார்ப்பதில்லை. 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரையை எழுதியவர்கள் 5,154 பேர், 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் முகவரிகளுக்குமே போயிற்று. அங்கே ஒவ்வொருவருக்கும் முழு எண்ணிக்கை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர் வரிசையும் துறைக்குத் துறை மாறும். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை, உயிரியலில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்தான் மதிப்பு, நடுவில் இருப்பவர் கண்ணில் படுவதே இல்லை. அதனால் அடுத்த கட்டுரையை அனுப்பும் முன்பே, யார் என்ன செய்தார் என்று 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் 'கிரெடிட்' குறிப்பைச் சேர்க்கச் சொல்லி உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள். களத்தில் தரவு சேகரித்ததற்கு அதில் தனி இடமே இருக்கிறது.