பழைய வேனில் ஏ.சி.: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பனியன் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய வேன் வைத்திருக்கிறேன். மாசியில் கியாஸ் நிரப்பினால் ஆடி பிறப்பதற்குள் வெறுங்காற்றுதான் வருகிறது. தரமான கியாஸ் எது? (திருப்பூர்)

பதில்: குறை கியாஸின் தரத்தில் இல்லை. அது டீசலைப் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறிமாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. சில மாதங்களில் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பணம் காற்றில்தான் போகிறது. கியாஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு), இணைப்புகளின் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்), வண்டியின் முன்னால் வெப்பத்தைக் கழிக்கும் கண்டன்சரில் கல்லடி படும் கீழ்ப்பகுதி ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கியாஸோடு எண்ணெயும் வெளியேறுமாதலால், புழுதி பிசுக்காக அப்பியிருக்கும் இடமே பெரும்பாலும் கசியும் இடமாக இருக்கும். அங்கே சோப்பு நுரை வைத்தால் தெரிந்துவிடும். டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயிலுக்கு நைட்ரஜனை ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதே வழி.

கசிவை அடைத்தபின், ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாக மாற்றி, குறைந்தது அரை மணி நேரமாவது வேக்குவம் போட (பம்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க) வேண்டும். அவசரத்தில் பலர் தவிர்த்துவிடும் வேலை இதுதான். உள்ளே தங்கும் ஈரம், கூலிங் காயிலுக்குள் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைப்பதோடு, நாளடைவில் அமிலத்தை உண்டாக்கி உலோகத்தையும் அரித்துவிடும். கியாஸை எடைபோட்டே நிரப்பச் சொல்லுங்கள். ஏ.சி. ஓடாத நிலையில் கேஜ் காட்டும் அழுத்தம், உள்ளே எவ்வளவு கியாஸ் இருக்கிறது என்பதைச் சொல்லாது. உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும், 35 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ வகை கியாஸ் ஏறத்தாழ 115 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும்.

கேள்வி: ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனலடிக்கிறது. (பொள்ளாச்சி)

பதில்: கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. கண்டன்சர் ஃபேன் சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள். சுழன்றால், உங்கள் பகுதித் தென்னைநார்த்தூள் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் மெத்தை கட்டியிருக்கக்கூடும். (திருப்பூரில் இதே வேலையைப் பஞ்சு செய்கிறது.) எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும், வாட்டர் சர்வீஸ் பம்பின் முழு வேகம் தகடுகளை மடக்கிவிடும்.

கேள்வி: 1990களின் வேன் இது. பழைய ஆர்-12 கியாஸ் கிடைப்பதில்லை. சமையல் கியாஸ் ஏற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். ஏற்றலாமா? (ஈரோடு)

பதில்: குளிரும் என்பது உண்மைதான்; ஆனாலும் கூடவே கூடாது. கூலிங் காயில் பயணிகள் அமரும் இடத்துக்குள்ளேயே இருப்பதால், அது கசிந்தால் தீப்பற்றும் வாயு கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் சேரும். பிறகு ஒரு சிறு பொறி போதும். ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டது. வண்டியை ஆர்-134ஏ கியாஸுக்கு மாற்றுவதே சரி. அதற்குப் பழைய மினரல் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய கியாஸோடு கலக்கும் எண்ணெயை ஊற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். புதிய கியாஸின் அளவு, முன்பு ஏற்றிய ஆர்-12இன் அளவில் சுமார் 80 முதல் 85 விழுக்காடு போதும். கம்ப்ரசரே தேய்ந்திருந்தால் இச்செலவு வீண் என்பதால், அதை முதலில் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது ஏ.சி. போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. (ஆனைமலை)

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் குறைந்த கியரில் ஏறும்போது எஞ்சினுக்குப் பளு மிகுதி, முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. போதாக்குறைக்கு, கண்டன்சர் கழிக்கும் வெப்பமும் ரேடியேட்டரின் மேல்தான் விழுகிறது. முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். முன்பெல்லாம் ஏறாத முள் இப்போது ஏறுகிறதென்றால், ஏ.சி. மெக்கானிக்கை விட்டு ரேடியேட்டர் கடைக்குப் போவதே மேல்.

கேள்வி: இடப்பக்கம் அமர்பவரின் காலில் தண்ணீர் சொட்டுகிறது. (கோபிசெட்டிபாளையம்)

பதில்: கூலிங் காயிலில் படியும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அதன் முனையைத் தேடி, மெல்லிய வயரால் அழுக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆழமாகக் குத்தினால் காயில் ஓட்டையாகிவிடும்.