அடினியம்: தட்டை எடுத்துவிடுங்கள்

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, பல்கனியில் நிற்கும் அடினியத்தின் (பாலைவன ரோஜா) பருத்த அடி அமுங்குகிறது. காப்பாற்றலாமா?

முதலில் எங்கே அமுங்குகிறது என்று பாருங்கள். அடி முழுவதும் ஒரே மாதிரித் தொய்ந்து தோல் சுருங்கியிருந்தால் அது தாகம். தண்ணீர் விட்டால் சில நாளில் இறுகும். ஓரிடம் மட்டும் குழைந்து பழுப்பாக இருந்தால் அழுகல். இன்றே பிடுங்கி வேரைக் கழுவுங்கள். ஸ்பிரிட் தொட்ட கத்தியால், பழுப்பு துளியும் இல்லாமல் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால் அழுகலை நீங்களே பரப்புவீர்கள். வெட்டுவாயில் கந்தகத்தூள் தடவி, மழை படாத காற்றோட்டமான நிழலில் 10 நாள் காயவிட்டு நடுங்கள். ஒரு வாரம் கழித்தே தண்ணீர். கலவை: செங்கல் சல்லி 2 பங்கு, பருமணல் 1, கூட்டெரு 1. தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். சாடிக்குக் கீழுள்ள தட்டையும் எடுத்துவிடுங்கள். கையுறை அவசியம்: இதன் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆபிரிக்க வேட்டைக்காரர் அம்பில் தடவியது இதைத்தான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: பாலைவனச் செடிதானே, மாதம் ஒருமுறை தண்ணீர் போதாதா?

போதாது. ஏடன் நகரின் பெயரைத் தாங்கிய இந்தச் செடி, அரேபியாவின் தெற்கிலும் ஆபிரிக்காவின் வறண்ட பகுதிகளிலும் மழைக்காலத்தில் நிறையக் குடித்தே அடி பருக்கிறது. வறட்சியில் இலையுதிர்த்து அந்தச் சேமிப்பில் வாழும். மாசி, பங்குனி வெயிலில் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் சாடியின் துவாரத்தால் வழியும்வரை ஊற்றுங்கள்.

அதே வாசகர்: பிறகு ஏன் கொழும்பு மழையில் அழுகுகிறது?

பம்பலப்பிட்டி வாசகர்: என்னுடையது மொட்டைமாடியில் வைகாசி மழை முழுக்க நனைகிறது. ஒன்றும் ஆகவில்லை.

பம்பலப்பிட்டிக்காரர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. மொட்டைமாடியில் காற்றும் வெயிலும் உண்டு, அவருடைய சாடியில் நீர் தங்காது. தன் சொந்த நிலத்திலும் இந்தச் செடி பாறைச் சரிவில் நிற்பது. பெய்த நீர் ஓடிவிடும். கொல்வது மழையல்ல, தேங்கும் நீர்.

தெஹிவளை வாசகி: ஒட்டுச்செடியின் விதை அதே நிறத்தில் பூக்குமா?

பெரும்பாலும் இல்லை. அதே நிறம் வேண்டுமானால் ஒட்டுத்தான்.

மட்டக்குளி வாசகர்: நாய்க்குட்டி இலையைக் கடித்துவிட்டது.

இதை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். மிச்ச இலையையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் உடனே போங்கள்.

மருதானை வாசகர்: அடி மெத்தென்று இருக்கிறது, என்ன செய்ய?

முதல் பதிலை வாசியுங்கள். தட்டை எடுத்துவிட்டீர்களா?