பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகள் சேர்ந்து தங்கிப் படிக்கும் பள்ளியில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவருக்கு எட்டு வயதுப் பையன். காது கேட்காது. சென்னையில் விடுதியோடு இருக்கும் பள்ளியில் சேர்க்க நினைக்கிறார். அங்கே பார்வையற்ற பிள்ளைகளும் இருப்பார்களாம், இவன் எப்படிச் சமாளிப்பான் என்று பயப்படுகிறார்.

நான் அந்த இன்னொரு கட்சி. பிறவியிலேயே பார்வை கிடையாது. பூந்தமல்லி அரசுப் பள்ளி போலப் பார்வையற்றோருக்கு மட்டுமான பள்ளிகள் உண்டு. நான் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை தங்கிப் படித்தது இரண்டு கட்சியும் இருந்த ஒரு சென்னைப் பள்ளியில். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

சேர்வதற்கு முந்தைய ராத்திரி அம்மா என் சட்டைக் காலர் ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஒரு பித்தான் தைத்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. விடுதிக் கொடியில் நாற்பது வெள்ளைச் சட்டை காயும்போது புரிந்தது. ஒரு பித்தான் என்றால் நான், இரண்டு என்றால் கள்ளக்குறிச்சிப் பையன், நூல் முடிச்சு என்றால் பக்கத்துக் கட்டில் அண்ணன். டெஃப் பசங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மார்க்கர் பேனாவில் நம்பர் போட்டுக்கொள்வார்கள்.

பிளைண்டு பசங்க, டெஃப் பசங்க என்றுதான் நாங்களே சொல்வோம். இரு தரப்பும் முதலில் சந்திப்பது மோதலில்தான், நிஜ மோதல். வராண்டா திருப்பத்தில் நான் "தள்ளு, தள்ளு" என்று கத்திக்கொண்டே வேகமாகப் போனேன். எதிரே சாம்பார் வாளியோடு வந்தவன் கையை ஆட்டி ஆட்டி நில் என்றானாம். அவன் காதில் நான் விழவில்லை, என் கண்ணில் அவன் படவில்லை. சாம்பார் மட்டும் இருவர் மேலும் விழுந்தது. அவன்தான் அப்புறம் என் நெருங்கிய சிநேகிதன். டெஃப் பசங்க ஆளுக்கொரு சைகைப் பெயர் வைப்பார்கள். இவனுக்குப் புருவத்தைத் தொடுவது, அங்கே ஒரு தழும்பு. எனக்கு வைத்த பெயர் வாளி.

எப்படிப் பேசிக்கொண்டோம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் வாயால் பேசினால் அவன் உதட்டைப் பார்த்துப் படிப்பான். பாதிதான் பிடிபடும். பாடு, மாடு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அவன் பக்கமிருந்து சொல்வது இன்னும் கஷ்டம். உள்ளங்கையில் எழுதினால் எனக்குப் புரியாது, ஏனென்றால் அச்செழுத்தின் வடிவமே எனக்குத் தெரியாது. கடைசியில் அவனே வகுப்புச் சுவரில் இருந்த பிரெய்ல் அட்டவணையைப் பார்த்து ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான். ஆறே புள்ளி, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அ என்றால் முதல் புள்ளி மட்டும். 'கொ' எழுத ஒற்றைக் கொம்பு, கால் என்று அலைய வேண்டாம். க, பின்னாலேயே ஒ, அவ்வளவுதான். என் உள்ளங்கையை அட்டையாக்கி விரலால் குத்துவான். வேற்றுமை உருபெல்லாம் கிடையாது. "நாளை அம்மா வரும் முறுக்கு" என்று வரும். சைகையில் அவன் யோசிப்பதே அப்படித்தான். போதாதா?

கரண்ட் போகும் ராத்திரிகள்தான் வேடிக்கை. அதுவரை கையாலேயே அரட்டை அடித்துக்கொண்டிருந்த டெஃப் பசங்க அறை அப்படியே அடங்கிவிடும், இருட்டில் கை தெரியாதே. எங்கள் அறைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. போர்வைக்குள் புத்தகத்தை வைத்துத் தடவித் தடவிப் படிப்போம். வார்டன் டார்ச் அடித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நேரம் புருவத்தழும்பு என் கட்டிலுக்கு வந்து கையை நீட்டச் சொல்லுவான்.

இனி குறை. எங்களுக்குப் பிரெய்ல் பாடப்புத்தகம் காலாண்டுத் தேர்வு முடிந்துதான் வரும். அதுவரை யாராவது வாசிக்க, பழைய மாதக் காலண்டர் தாளைப் பிரெய்ல் எழுதும் பிரேமில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக் குறிப்பெடுப்போம். அவர்களுக்கு நடந்தது அதைவிட மோசம். வாய்ப்பேச்சுதான் வரவேண்டும் என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் சைகை செய்தால் விரலில் ஸ்கேலால் அடிப்பார். 1880-ல் இத்தாலியின் மிலானில் காது கேளாதோர் கல்விக்காகக் கூடிய மாநாடு சைகையை ஒதுக்கி வைத்ததன் வால் எங்கள் வகுப்பு வரை நீண்டிருந்தது. இன்று நிலைமை வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. ஆனால் சட்டம் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். சேர்க்கப் போகும்போது ஆசிரியர்கள் பிள்ளைகளோடு கையால் பேசுகிறார்களா என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள். காது மிஷின் பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் செத்த மிஷினைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

சேர்ப்பதா என்றால், சேருங்கள். விடுதியில் உங்கள் பையன் தனியாக இருக்க மாட்டான். தனியாவது லீவுக்கு வீட்டுக்கு வரும்போதுதான். மே மாதம் முடிந்து புருவத்தழும்பு திரும்பி வந்த அன்று ராத்திரியெல்லாம் என் கையை விடவில்லை. ஒரு மாதமாக வீட்டில் சாப்பிடு, தூங்கு தவிர யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, பாட்டி செத்துப்போனதைக்கூட. மாலை போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதனால் ஜூனுக்குள் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும், முடிந்தால் தாத்தாவும், சைகை கற்க ஆரம்பித்துவிடுங்கள். பையனே வாத்தியாராக இருந்தால் இன்னும் நல்லது.

நான் இப்போது வங்கியில் இருக்கிறேன், அவன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில். வாட்ஸ்அப் எங்களுக்காகவே வந்த மாதிரி. அவன் டைப் செய்வதை என் போன் வாசித்துக் காட்டும், நான் டைப் செய்வதை அவன் படிப்பான். போன வாரம் புது பைக் வாங்கி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "எப்படி" என்று கேட்டிருந்தான். சூப்பர் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.