குழந்தையின் பெயர் பழசாகிப்போனால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: மகள் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு யாழினி என்று வைக்க ஆசை. அப்பா தன் அம்மாவின் பெயரான செல்லம்மாளை வைக்கலாம் என்கிறார். எதை வைத்தாலும் இருபது வருடத்தில் பழசாகிவிடாதா, அதற்காகக் கவலைப்பட வேண்டுமா?

என் பெயர் பேச்சியம்மாள். 1975இல் பிறந்தவள், சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பதில் சொல்ல எனக்கு இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் பெயரெல்லாம் போகப்போகத்தான் பழசாகும். என்னுடையது வைக்கும்போதே பழசு. அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர்.

ஒன்றாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் லதா, கீதா, சாந்தி, வசந்தி, உமா. நடுவில் நான். ஒரு வாத்தியார் வருகைப் பதிவேட்டில் என் பெயர் வந்ததும் நிறுத்துவார், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், பிறகு "பேச்சி... யம்மாள்" என்று இரண்டாக உடைத்து வாசிப்பார். வகுப்பே சிரிக்கும். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் பட்டப்பெயர் தேடவும் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. வீட்டில் மட்டும் நான் ராணி. அம்மா என்னை ஒருநாளும் பேச்சி என்று கூப்பிட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அப்புறம் சொல்கிறேன்.

1999இல் கல்யாணம் முடிவானபோது, பத்திரிகையிலாவது ராணி என்று போடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துப் பார்த்தால், 'திருவளர்செல்வி பேச்சியம்மாள் (எ) ராணி'. அந்த 'எ' அடைப்புக்குள் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அப்பா அவரளவில் இரண்டு பேருக்கும் நியாயம் செய்துவிட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1998லிருந்து பள்ளிக்கூட ஆசிரியை. பெரும்பாலும் ஆறாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டை வாசித்து வாசித்தே பெயர்களின் போக்கு எனக்கு மனப்பாடம். முதல் சில வருடங்களில் ஒரு வகுப்பில் மூன்று திவ்யா, இரண்டு பிரியா, ஒரு ரம்யா, ஒரு வித்யா இருப்பார்கள். பையன்களில் மணிகண்டன், விக்னேஷ், கார்த்திக். நதியா என்று ஒரு பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். நடிகை நதியா 1985இல் தமிழ்ப் படத்துக்கு வந்தார், கடைகளில் நதியா வளையல், நதியா கம்மல் தொங்கின, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் தொட்டிலிலும் நதியா. கொஞ்சம் தள்ளி வந்தால் வர்ஷினி, தர்ஷினி, ஹரிணி. இப்போது யாழினி, இனியா, நிலா, ஆதிரா, மகிழன், கவின்.

தேர்தல் வேலைக்கு எங்களைப் பிடித்துப் போடுவார்கள் அல்லவா, அப்போது வாக்காளர் பட்டியலை வைத்து நானும் இன்னொரு டீச்சரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். வயது போட்டிருக்கும் இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு, பெயரை மட்டும் பார்த்து வயது சொல்ல வேண்டும். விஜயா என்றால் அறுபத்தைந்துக்கு மேல். ரமேஷ், சுரேஷ் என்றால் ஐம்பதை ஒட்டி. திவ்யா முப்பதுகளில். பெரும்பாலும் ஐந்து வயது முன்னே பின்னே சரியாக வந்துவிடும். எங்களை ஏமாற்றிய பெயர் மீனாட்சி. எண்பது என்று சொன்னால் இருபத்திரண்டு இருக்கும். இருபத்திரண்டு என்று சொன்னால் ஐம்பத்தாறு. கோமதியும் அப்படித்தான்.

இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் பெயர் ஊரைச் சொல்லும். கோமதி என்றால் சங்கரன்கோவில், காந்திமதி என்றால் திருநெல்வேலி, உலகம்மாள் என்றால் தென்காசி, மீனாட்சி என்றால் மதுரை. அந்தந்த ஊர் அம்மன் பெயர்கள். பேச்சி, இசக்கி, சுடலை என்றால் குலசாமி எது என்பதுவரை சொல்லிவிடலாம். சினிமாவும் வாரப் பத்திரிகையும் பேருந்து நிலையத்தில் விற்கும் பெயர்ப் புத்தகமும் வந்த பிறகு பெயர் ஊரை விட்டுவிட்டு வருடத்தைச் சொல்ல ஆரம்பித்தது. திவ்யா எந்த ஊர்க்காரி என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த வருடத்துக்காரி என்று எல்லோராலும் சொல்ல முடியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏதோ ஒன்றைச் சொல்லாத பெயர் எங்கே இருக்கிறது?

அதற்காக அந்தக் காலப் பெயர்களை நினைத்து உருகவும் மாட்டேன். குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்றெல்லாம் வைத்தார்களே, அதில் பாதி பயத்தில் வைத்தது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்றால், இந்தப் பிள்ளையாவது எமன் கண்ணுக்கு அற்பமாகத் தெரியட்டும் என்று வைப்பார்கள். இன்னொரு பாதியைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. சில சாதிக்காரர்கள் பிள்ளைக்கு மரியாதையான பெயர் வைத்தாலே முகம் சுளித்த ஊர்கள் இருந்தன. பெரியசாமி என்று வைத்தால் பெரியான் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் எழுபதுகளில் ஒரு ரமேஷ் பிறந்தான், எண்பதுகளில் ஒரு பிரியா பிறந்தாள் என்றால் அதை வெறும் மோகம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயரைக் கேட்டதும் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு காரணமே போதும். இன்றைக்கு மீம் போடுகிறவர்களுக்கு ரமேஷ், சுரேஷ் என்றால் கிண்டல்.

தமிழ்ப் பெயர் பழசாகாது என்று சிலர் சொல்வார்கள். ஆகும். மறைமலையடிகள் வேதாசலம் என்ற பெயரை மாற்றிக்கொண்டது 1916இல். அப்புறம் திராவிட இயக்கக் காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அதைப் பார்த்து வீட்டுக்கு வீடு அறிவழகன், தமிழ்ச்செல்வி, கயல்விழி, மணிமேகலை. என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழ்ச்செல்வி டீச்சர் சொல்வார், "என் பேரைச் சொன்னா எங்கப்பா எந்தக் கட்சின்னும் தெரியும், நான் எப்போ ரிட்டயர் ஆவேன்னும் தெரியும்." இப்போது அடிப்பது இரண்டாவது அலை. நீளம் குறைந்திருக்கிறது, செழியன் போய் இனியன் வந்திருக்கிறான், அவ்வளவுதான். உங்கள் யாழினி பள்ளிக்குப் போனால் வகுப்பில் இன்னும் இரண்டு யாழினி இருப்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2050இல் வாக்காளர் பட்டியலில் யாராவது விரலால் வயதை மறைத்துக்கொண்டு யாழினியைப் பார்த்தால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

சொல்லட்டுமே, அதனால் என்ன? பெயர் பழசாகும்போது அந்தப் பிள்ளை தனியாகப் பழசாவதில்லை. கூடப் படித்த யாழினிகளும் நிலாக்களும் சேர்ந்தே பழசாவார்கள். லதாவை யாரும் அந்த வகுப்பில் பழைய பெயர்க்காரி என்று சொன்னதில்லை, இன்றைக்கு வரைக்கும் அவள் தோழிகளுக்கு அவள் லதாதான். நான் அழுததற்குக் காரணம் என் பெயர் பழசு என்பது மட்டும் இல்லை, அந்த அறையில் நான் மட்டும் பழசு என்பதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் கவலைப்படுவதானால் இருபது வருடம் கழித்து வருவதைப் பற்றி வேண்டாம், ஒன்றாம் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். அதுவும் இப்போது பிள்ளைகள் மாறிவிட்டார்கள். போன வருடம் என் வகுப்பில் ஒரு வள்ளியம்மை இருந்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. 'வள்ளி' என்று சுருக்கி அவளைச் சுற்றியே கிடந்தார்கள். நான்தான் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரை வாசிக்கும்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதியே முத்திரையாகக் குத்தப்பட்ட பெயர் வேண்டுமானால் மு.க.ஸ்டாலின் பெயரைப் பாருங்கள். அவர் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. அந்த வாரத்தை விட்டு வேறு எந்த வாரத்திலும் அவருக்கு அந்தப் பெயர் அமைந்திருக்காது. ருஷ்யாவிலேயே ஸ்டாலின் சிலைகளை எடுத்துவிட்டார்கள், சோவியத்தும் போய்விட்டது. இவர் அதே பெயரோடு 2021இல் முதலமைச்சராகப் பதவியேற்றார். பெயர் அவருக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

என் மகள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் பிறந்தாள், புனர்பூசம். பஞ்சாங்கப்படி எழுத்து கே, கோ, ஹ, ஹி. (திருவாதிரை என்றால் 'ங'வும் ஒரு எழுத்து. யார் வீட்டுப் பிள்ளைக்கு 'ங'வில் பெயர் வைத்தார்கள் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.) 'கோ' வந்ததும் என் மாமனார், "கோமதின்னு வைம்மா, நம்ம ஊரு அம்பாள்" என்றார். நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். என் பிள்ளைக்குப் பழைய பெயரா? புதிதாக, யாருமே வைக்காததாக, மானைப் போல அழகாக ஹரிணி என்று வைத்தேன். எல்கேஜியில் சேர்த்த அன்று வாசலில் நின்று "ஹரிணி" என்று கூப்பிட்டேன். நான்கு தலைகள் திரும்பின. பத்தாம் வகுப்புவரை அவள் ஆர்.ஹரிணி என்றே அறியப்பட்டாள். இனிஷியல் இல்லாமல் அவளுக்குப் பெயரே கிடையாது. இப்போது வேலை செய்யும் இடத்திலும் இரண்டு ஹரிணி. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான், அந்தக் கோமதியை விட்டுவிட்டோமே என்று எப்போதாவது தோன்றும்.

பழசாவதைவிட மோசமான விஷயங்கள் உண்டு. எங்கள் பள்ளியில் போதும்பொண்ணு என்று ஒருத்தி படித்தாள். நான்காவது பெண். அந்தப் பெயருக்குப் பழசு புதுசு என்று ஒன்றும் இல்லை, பிறந்த அன்றைக்கே அது ஒரு காயம். எண் சோதிடம் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து கூட்டிப்போட்டவர்கள் படும் பாடு வேறு மாதிரி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் சமயத்தில் யாராவது ஒரு அப்பா வியர்த்து விறுவிறுத்து ஓடி வருவார். அதற்கு மேலே போனால் அரசிதழில் பெயர் மாற்றம், விண்ணப்பம், கட்டணம். பாட்டி வாயில் நுழையாத பெயரும் வேண்டாம். அவர் வாயில் எது நுழைகிறதோ அதுதான் கடைசியில் தெருவில் நிலைக்கும்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்திருந்தால் போதும், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரைக்கும். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

செல்லம்மாளா, யாழினியா என்று கேட்டால் என் ஓட்டு செல்லம்மாளுக்கு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைச் சுமப்பவன். பேத்தி, பெயர்த்தி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்ட பழக்கம் அது. சோழர்கள்கூட இராசகேசரி, பரகேசரி என்று இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். செல்லம்மாள் ஒருமுறை பழசாகி முடித்துவிட்டது, இனி ஆவதற்கு ஒன்றுமில்லை. சுருக்கிக் கூப்பிட்டால் செல்லம், செல்லா. இந்தக் காலத்துக்கும் பொருந்துகிறது.

ஆனால் வைக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மாமியார் பெயர். பிள்ளை சேட்டை பண்ணும்போது, மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, "ஏ செல்லம்மா, இங்க வாடி" என்று உங்களால் கத்த முடியுமா? எங்கள் அம்மாவால் முடியவில்லை. அதனால்தான் நான் ராணி. ஆச்சி போய்ப் பதினேழு வருடம் கழித்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கூட இருப்பவர் பெயரை நர்ஸ் அம்மாவிடம் கேட்டாள். நான் மாத்திரை வாங்கிக்கொண்டு கதவருகே வந்துவிட்டேன். அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு தலையணையிலிருந்து லேசாக எழுந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க அத்தை பேருதாம்மா அவளுக்கு" என்றாள்.