மாரியில் மந்தமான கைவேலைக் கிற்றார்

தம்பி, கையால் செய்த கிற்றார் யாழ்ப்பாணத்து மழை தொடங்கியதும் மந்தமாகி, கம்பிகளும் உயர்ந்துவிட்டன, ஏமாந்துவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். ஏமாறவில்லை. நீங்கள் சொன்னபடி முகப்பு ஒட்டுப்பலகை இல்லை, முழு ஸ்புரூஸ் மரம். அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜையும் கம்பிகளையும் தூக்குகிறது. ஈரமேறிய பலகை அதிரவும் தயங்கும்.

மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளும் சிறு ஈரப்பதமானியும் வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. கம்பிகளைத் தாழ்த்த, பிரிட்ஜின் மேல் அவை தங்கும் சாடில் துண்டை இப்போதைக்குச் சீவ விடாதீர்கள். வெயிலில் பலகை இறங்கியதும் கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகச் சட்டமான ஃபிரெட்டில் மோதி இரையும்.

அப்புறம், துளைக்குள் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். முகப்புக்கு அடியில் ஒட்டிய தாங்குசட்டங்கள் நுனியில் உளியால் மெலிந்திருக்கும். பலகை உடையாமலும் தாராளமாக அதிரவும் வேண்டுமென்று கிற்றாரைச் செய்தவர் செதுக்கிய இடம் அது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.