அமெரிக்கக் கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர் அதே துறையில் பயிற்சியாளர் ஆக முடியுமா?

கேள்வி: கல்லூரி அணிக்காக நான்கு வருடம் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றது, பந்தைக் கீழிருந்து எறிவார்கள், கல்லூரிகளில் பெண்கள் ஆடுவது) ஆடியவர், படிப்பு முடிந்ததும் கோச் ஆக முடியுமா? எவ்வளவு காலம் பிடிக்கும்? நல்ல ஆட்டக்காரர் என்பது மட்டும் போதுமா?

முடியும். இன்று பெரிய அணிகளை நடத்துகிறவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். காலத்தை மட்டும் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். யு.சி.எல்.ஏ.வின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சூ என்குவிஸ்ட் 1975 முதல் 1978 வரை அங்கே ஆடினார். நான்கு வருட பேட்டிங் சராசரி .401 (பத்துக்கு நான்கு முறை வெற்றிகரமான அடி), 1978-இல் தேசியப் பட்டமும் கிடைத்தது. அப்படிப்பட்டவரே 1980 முதல் 1988 வரை உதவிக் கோச். அடுத்த எட்டு வருடம் ஷாரன் பேக்கஸுடன் இணைத் தலைமைக் கோச். தனித் தலைமை 1997-இல்தான் கைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த கெல்லி இனோயே-பெரஸ் அதே அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்); ஆடி முடித்த பின் 13 சீசன் உதவிக் கோச்சாக இருந்து 2007-இல் பொறுப்பேற்றார், 2010-இலும் 2019-இலும் பட்டம் வென்றார். மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 38 சீசன் நடத்திய கேரல் ஹட்சின்ஸ் 2022-இல் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு வந்தவர் பானி தோல். அதே அணியில் ஆடிவிட்டு ஏறக்குறைய முப்பது சீசன் உதவிக் கோச்சாக இருந்தவர்.

இந்த வருடங்களில் என்ன கற்கிறார்கள் என்பதில்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இருக்கிறது.

பந்து எறியும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 43 அடி. பந்தை எறியும் பிட்சர் முன்னால் கால் வைத்து எறிவதால் உண்மைத் தூரம் இன்னும் சில அடி குறைவு. மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற ஏறத்தாழ 0.4 நொடிதான் கிடைக்கும். அதில் வெற்றி பெற்ற பேட்டர் யோசித்து அடித்தவர் அல்ல, உடம்பு தானாகச் செய்தது. அதனாலேயே நட்சத்திர பேட்டர்கள் பலர் கோச்சான முதல் வருடத்தில் திணறுகிறார்கள். தன் ஸ்விங்கை எல்லோருக்கும் அப்படியே பொருத்தப் பார்ப்பார்கள். ஆறடி உயரமுள்ளவருக்கும் ஐந்தடி உயரமுள்ளவருக்கும் ஒரே ஸ்விங் எப்படிப் பொருந்தும்? ஒரே அமர்வில் நான்கைந்து திருத்தம் சொல்வார்கள். அதைக் கேட்ட பெண் அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டுத் தன் முழங்கையை நினைத்துக்கொண்டு நிற்பாள். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்து, ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு திருத்தம், அதையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. இதைக் கற்க இரண்டு மூன்று சீசன் ஆகும்.

பிட்சர்களைக் கையாள்வது இதைவிடக் கடினம், வேலைச் சந்தையில் மதிப்பும் அதற்கே அதிகம். பல அணிகளில் எந்தப் பந்து போட வேண்டும் என்பதைக் கேட்சர் முடிவு செய்வதில்லை. மைதான ஓரத்தில் அணி உட்காரும் டக்-அவுட்டிலிருந்து கோச் ஒரு எண்ணைச் சொல்வார். கேட்சர் மணிக்கட்டில் கட்டிய அட்டையில் அந்த எண்ணைத் தேடி ரைஸா (மேலெழுவதுபோல் வரும் பந்து), டிராப்பா (கீழிறங்கும் பந்து), சேஞ்ச்-அப்பா (வேகம் குறைத்த பந்து), உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்துக்கொள்வார். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, எதிரணி பேட்டரின் பலவீனத்தை மட்டும் வைத்துப் பந்தைக் கேட்பது. அன்றைக்கு அந்தப் பிட்சரின் ரைஸ் எழும்பவே இல்லை என்றால், பலவீனக் குறிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் பந்து நேராக மட்டையின் நடுவில்தான் வந்து நிற்கும். ஆட்டத்துக்கு முன் பிட்சர்கள் எறிந்து பார்க்கும் புல்பென்னில் எந்தப் பந்து சொன்னபடி கேட்கிறது என்று குறித்துவைத்து, அதற்கேற்ப அட்டையைப் பயன்படுத்துவதுதான் முறை. சேஞ்ச்-அப்பைக் கற்றுக்கொடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். வேகப் பந்தைவிட மணிக்குப் பத்துப் பதினைந்து மைல் அளவாவது குறைந்தால்தான் பேட்டர் ஏமாறுவார். இளம் பிட்சர்கள் பந்தை மெதுவாக்கக் கையையே மெதுவாக்கிவிடுவார்கள், பேட்டர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கை வேகம் அப்படியே இருக்க, பந்தைப் பிடிக்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

கீழிருந்து எறிவதால் தோளுக்குச் சேதமில்லை, ஒரே பிட்சரை வாரம் முழுக்க ஆட வைக்கலாம் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். முழுச் சுழற்சியில் தோளின் முன்பக்கத்துக்கும் பைசெப்ஸ் தசைநாணுக்கும் கடும் அழுத்தம் உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே அணியோடு மூன்று ஆட்டம் வரும்போது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேட்டர்கள் அதே கையை ஆறேழு முறை பார்த்திருப்பார்கள். வலி ஒருபுறம், பழக்கம் ஒருபுறம். இரண்டாவது, மூன்றாவது பிட்சரைச் சீசன் தொடங்கும் பிப்ரவரியிலேயே முக்கியமான இன்னிங்ஸ்களில் இறக்கிப் பழக்காத கோச் பட்டப் போட்டிகள் வரும் மே மாதத்தில் மாட்டிக்கொள்வார்.

பிறகு நேரக் கணக்கு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி, கட்டாயமாக ஒரு நாள் ஓய்வு என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணியாகக் கணக்கு. வாரக் கடைசியில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஆட்டம் என்றால் 12 மணி போய்விட்டது. மீதி 8. எடைப் பயிற்சி இரண்டு முறை, வீடியோ அமர்வு ஒன்று என்று 3 மணி கழித்தால் மைதானத்துக்கு 5 மணிதான். இந்த 5 மணியில் எல்லோரும் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கும் பேட்டிங் பயிற்சி வைத்தால் 25 பேர் அணியில் ஒருவருக்குக் கால் மணி நேரம்கூட மிஞ்சாது. கூண்டு (வலைக்குள் பேட்டிங்), பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது), இன்ஃபீல்ட் (உள் மைதான ஃபீல்டிங்), புல்பென் என்று நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் நடத்திச் சுழற்ற வேண்டும். எந்த நிமிடம் யார் எங்கே என்று தாளில் எழுதிவைப்பது பெரும்பாலும் உதவிக் கோச்சின் வேலை.

ஆள் சேர்ப்பு இன்னொரு பெரிய உலகம். என்.சி.ஏ.ஏ.வின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் பள்ளிப் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் மாணவியோடு நேரடியாகப் பேசக் கூடாது. அதுவரை கோடைப் போட்டிகளில் ஸ்டாப்வாட்சும் ரேடார் துப்பாக்கியுமாக உட்கார்ந்து பார்ப்பதுதான். இடக்கை பேட்டராக நின்று, ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடும் ஸ்லாப்பர், முதல் பேஸுக்கான 60 அடியை 2.7 நொடிக்குள் கடந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். முன்பு டிவிஷன் ஒன்றில் ஒரு அணிக்கு 12 முழு உதவித்தொகை. அதைத் துண்டு துண்டாக இருபது பேருக்கு மேல் பகிர வேண்டியிருந்தது. 2025-26 முதல், நீதிமன்றச் சமரசத்தால் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு இல்லை, அணியில் 25 பேர் என்ற வரம்புதான். பணம் தர முடியும், இடம் குறைவு. நடுத்தர ஆட்டக்காரரை வளர்த்தெடுக்கும் வாய்ப்பு இதனால் சுருங்குகிறது என்பது என் கவலை.

தொடக்கம் எங்கே? முதுகலை படித்துக்கொண்டே அணியில் வேலை செய்யும் பட்டதாரி உதவியாளர் பதவிதான் வழக்கமான வாசல்: கட்டணச் சலுகை, கொஞ்சம் மாதப் பணம், இரண்டு வருடம். டிவிஷன் இரண்டு, மூன்று கல்லூரிகளில் இதைத் தேடுங்கள். பெரிய அணியில் வீடியோ வெட்டிக்கொண்டிருப்பதைவிடச் சின்ன அணியில் பிட்சர்களை முழுப் பொறுப்பாகப் பார்ப்பது நல்லது. இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகளையும் குறைவாக எண்ணாதீர்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியனாக்கிய பேட்டி காஸோ, லாங் பீச் சிட்டி கல்லூரி என்ற ஜூனியர் கல்லூரியில் தலைமைக் கோச்சாக இருந்துவிட்டு 1995-இல் ஓக்லஹோமாவுக்குப் போனவர்.

உதவிக் கோச் வேலை கிடைத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: தலைமைக் கோச்சின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் மீதி? அவர் போனால் புதிதாக வருபவர் பெரும்பாலும் தன் ஆட்களைக் கூட்டிவருவார். உங்கள் பிட்சர்கள் எவ்வளவு நன்றாக எறிந்திருந்தாலும் ஜூன் மாதத்தில் வேறு ஊரில் வேலை தேட வேண்டியிருக்கும்.