புல் தாக்குப்பிடிக்கும், மாடு தாக்குப்பிடிக்குமா?

கேள்வி: பழைய பால்மரத் தோட்டத்தை ஒட்டிக் கால் ஏக்கரில் நேப்பியர் புல் போட்டிருக்கிறேன். 2 மாடு, 6 ஆடு. மண் மஞ்சள் கலந்த பழுப்பு. யூரியா போட்டால் இரண்டு வாரம் பச்சை காட்டுகிறது, பிறகு முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது. சாணத்தை மூட்டை கட்டிக் காய்கறிக்காரர்களுக்கு விற்கிறோம். ஒரு மாடு எலும்பைத் தேடி மெல்கிறது. சிக்னல் புல்லுக்கு மாறலாமா?
– வாசகர், ரெங்கம், ஜோகூர்

பதில்: முதலில் எலும்பை அப்புறப்படுத்துங்கள். மாடு எலும்பு மெல்வது பாஸ்பரஸ் குறைவுக்குப் பழைய அடையாளம். செத்த பிராணியின் எலும்பாக இருந்தால் பொட்டுலிசம் நஞ்சேறி மாடே போய்விடும். பாஸ்பரஸ் கலந்த தாது உப்புக் கட்டி வையுங்கள். வெறும் உப்புக் கட்டியால் பயனில்லை, அட்டையைப் படித்து வாங்குங்கள்.

உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ரெங்கம் வகை மண், கிரானைட் சிதைந்து உண்டானது. புளிப்பு அதிகம். அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட் தண்ணீரோடு வேருக்கு வந்து சேரும். பாஸ்பரஸ் வராது, வேர்தான் தேடிப் போக வேண்டும். அதனால்தான் பசித்த புல் தழையைக் குறைத்து வேரை நீட்டுகிறது, வேர்த்தூவியைப் பெருக்குகிறது, பாஸ்பரஸ் தேடித் தரும் வேர்ப்பூஞ்சையைத் துணைக்குச் சேர்க்கிறது, பழைய இலையில் இருப்பதை உருவிப் புதுத் துளிருக்குக் கொடுக்கிறது. யூரியாவால் இதில் எதுவும் சரியாகாது, நாளடைவில் மண்ணின் புளிப்புதான் ஏறும்.

சிக்னல் புல் இந்தச் சிக்கனத்தில் கைதேர்ந்தது. கொஞ்சம் பாஸ்பரஸை வைத்தே பச்சையாக நிற்கும். ஆனால் அந்த இலையிலும் பாஸ்பரஸ் குறைவுதான், பற்றாக்குறை புல்லிலிருந்து மாட்டுக்கு இடம் மாறும், அவ்வளவே. மேலும் அதிலுள்ள சபோனின் நஞ்சு ஆட்டின் ஈரலைக் கெடுக்கும்: மஞ்சள் காமாலை, வெயில் பட்டால் முகமும் காதும் வீங்குவது. செம்மறி இன்னும் சீக்கிரம் விழும். ஆடு வைத்திருக்கும் நீங்கள் மாற வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கால் ஏக்கரில் வருடத்துக்கு 2.5 டன் காய்ந்த எடைக்குப் புல் அறுத்தால், 0.2 சதவீதம் என்று வைத்தாலும் 5 கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. உரமூட்டையில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்று போடுவார்கள், அந்தக் கணக்கில் 11.5 கிலோ. 30 சதவீதப் பாறை பாஸ்பேட்டாக ஈடுகட்ட 38 கிலோ வேண்டும். மாடு தின்ற பாஸ்பரஸில் பெரும்பகுதி மூத்திரத்தில் அல்ல, சாணத்தில் திரும்புகிறது. நீங்கள் விற்கும் மூட்டையில் போவது அதுதான். விற்பதை நிறுத்திப் புல்லடிக்கே போடுங்கள்.

பாறை பாஸ்பேட் புளிப்பு மண்ணோடு உரசினால்தான் கரையும். தூவி, மண்வெட்டியால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். கூடவே சுண்ணாம்பு போடாதீர்கள், புளிப்பு குறைந்தால் அது கரையாமல் கிடக்கும். சீக்கிரம் விளைவு பார்க்க வேண்டுமா? இரண்டு வரிசைக்கு மட்டும் அறுத்த கையோடு தூருக்கு 25 கிராம் டி.எஸ்.பி. (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) உரத்தை வேரோரம் புதையுங்கள், பரவலாகத் தூவினால் மண் பிடித்துக்கொள்ளும். 6 வாரத்தில் அந்த வரிசை மட்டும் எகிறினால் குறை பாஸ்பரஸ்தான். எகிறாவிட்டால் மீதி வரிசைக்குச் செலவழிக்கும் முன் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: சாவிக் கீரை எடுத்த பாத்தியில் சோளம் போட்டேன். நாற்றில் அடியிலைகளின் நுனியும் ஓரமும் ஊதாவாகின்றன. பூச்சியா?
– வாசகி, குளுவாங்

பதில்: பூச்சியல்ல, பாஸ்பரஸ் பசி. கடுகுக் குடும்பத்துச் சாவியின் வேரில் வேர்ப்பூஞ்சை வாழாது. அது பாத்தியில் நின்ற நாளெல்லாம் பூஞ்சை குறைந்து, பின்னால் வந்த சோளம் துணையில்லாமல் தவிக்கிறது. ஒரு நாற்றைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். அழுகியிருந்தால் தண்ணீர் தேங்குகிறது, உரத்தில் தீராது. அடுத்த முறை விதைக்கு 5 சென்டிமீட்டர் தள்ளி, 5 சென்டிமீட்டர் கீழே, குழிக்கு 5 கிராம் டி.எஸ்.பி. வையுங்கள்.